ஒளியின் துணையால் நிகழும் இரசாயன மாற்றங்களில் உண்மையான வினையூக்கி எது?

காய்ச்சி ஆறிய பாலில் ஒரு கரண்டி மோரை விட்டு இரவு முழுவதும் வைத்திருந்தால், காலையில் பால் தயிராகியிருக்கும். பாலைத் தயிராக்கியது மோர் என்று சொல்வது உலக வழக்கு. ஆயினும் அத்தொழிலைச் செய்தவை மோரில் வாழும், கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களே. அந்த மோரை முதலில் நன்கு கொதிக்க வைத்து, ஆறிய பின் பாலில் விட்டால் பால் உறைவதில்லை. நேற்றுத் தயிர் இருந்த பாத்திரத்தைச் சரியாகக் கழுவாமல் அதில் பாலை ஊற்றி வைத்தாலோ, மோர் விடாமலே பால் உறைந்துவிடுகிறது. சேர்த்த பொருள் ஒன்று, வேலை செய்த பொருள் மற்றொன்று என்னும் வேறுபாடு இவ்வாறு சமையலறையிலேயே காணக் கிடைக்கிறது.

இரசாயன ஆராய்ச்சிச்சாலைகளில் இதே வேறுபாடு கடினமான ஒரு பிரச்சினையாக உருவெடுத்துள்ளது. சூரிய ஒளியைக் கொண்டு நீரைப் பிரித்து ஹைட்ரஜன் பெறவும், காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றவும், சாயக் கழிவு கலந்த நீரைத் தூய்மை செய்யவும் உதவக்கூடிய வினையூக்கிகள் பல நாடுகளில் ஆராயப்பட்டு வருகின்றன. குடுவையில் இட்ட பொருளே வினையூக்கி என்று முதலில் நம்பப்பட்டு, வேறொரு பொருளே அவ்வேலையைச் செய்தது என்று பின்னர் தெளிவான சந்தர்ப்பங்கள் உண்டு. அத்தகைய மூன்று சந்தர்ப்பங்களையும், உண்மையைக் கண்டறிய விஞ்ஞானிகள் கையாளும் முறைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

வினையூக்கியும் ஒளியும்

ஓர் இரசாயன மாற்றத்தின் வேகத்தை அதிகப்படுத்தி, மாற்றத்தின் முடிவில் தான் செலவாகிவிடாமல் மீண்டும் பழைய நிலையை அடையும் பொருளை வினையூக்கி அல்லது கிரியா ஊக்கி என்பர். 1835-ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டு இரசாயன அறிஞர் பெர்ஸீலியஸ் இந்நிகழ்ச்சிக்குத் தனிப் பெயர் சூட்டினார். வினையூக்கி மிகச் சிறிய அளவில் இருந்தாலும் போதும். ஒரே துகள் திரும்பத் திரும்பப் பல்லாயிரம் தடவை அதே தொழிலைச் செய்யக்கூடும். இச்சிறப்பே பின்னர்க் கூறப்போகும் தொல்லைகளுக்கும் காரணமாகிறது.

வினையூக்கி தானாகச் சக்தி எதையும் அளிப்பதில்லை. சக்தி வேண்டும் மாற்றங்களுக்கு அதை வெளியிலிருந்து கொடுத்தாக வேண்டும். பச்சைத் தாவரங்களில் அச்சக்தியைச் சூரிய ஒளி கொடுக்கிறது. இதைப் பின்பற்றி மனிதனும் ஒளியைக் கொண்டு தொழில் நடத்தலாம் என்று இத்தாலி நாட்டுப் பேராசிரியர் சியாமிசியன் 1912-இல் நியூயார்க் நகரில் நிகழ்த்திய சொற்பொழிவில் எடுத்துரைத்தார். 1972-இல் ஜப்பானிய விஞ்ஞானிகளான ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும், டைட்டானியம் டையாக்ஸைடால் ஆன மின்முனையின் மீது ஒளியைப் பாய்ச்சி நீரைப் பிரித்துக் காட்டியபோது, இத்துறை புதிய வேகம் பெற்றது.

ஒளியால் நிகழும் மாற்றத்தை ஆராயும் குடுவையில் சாதாரணமாக மூன்று வகைப் பொருள்கள் இருக்கும். முதலாவது, ஒளியை விழுங்கிக் கிளர்ச்சி அடையும் பொருள். இரண்டாவது, அப்பொருளிடமிருந்து எலெக்ட்ரானைப் பெற்றுக்கொள்ளும் அல்லது அதற்கு எலெக்ட்ரானைக் கொடுக்கும் துணைப்பொருள். மூன்றாவது, நீர் முதலிய மூலப்பொருளை மாற்றி அமைக்கும் வினையூக்கி. சில முறைகளில் ஒரே பொருள் இரண்டு தொழில்களையும் செய்வதுண்டு. இவற்றுடன் கரைசலின் அமில-கார நிலையை நிலைநிறுத்தும் உப்புகளும் சேரும். ஒளி பட்டவுடன் இவற்றுள் எது எவ்வாறு மாறும் என்பதை முன்கூட்டியே சொல்வது எளிதன்று.

ஐயம் எழுவது ஏன்?

குடுவையில் ஒரு புதிய சேர்மத்தை இட்டு, ஒளியைப் பாய்ச்சியதும் வாயு வெளிப்பட்டால், அச்சேர்மமே வினையூக்கி என்று முடிவு செய்யத் தோன்றும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை இங்கே நினைவுகூரத்தக்கது. காக்கை உட்கார்ந்ததும் உண்மை. பழம் விழுந்ததும் உண்மை. ஒன்றுக்கு மற்றொன்று காரணம் என்பதை மட்டும் தனியே நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

பிழை நேரும் வழிகள் பெரும்பாலும் மூன்று. இட்ட சேர்மம் ஒளியிலும் கடுமையான இரசாயனச் சூழ்நிலையிலும் சிதைந்து, அதிலிருந்து பிறந்த வேறொரு பொருள் வினையூக்கியாக அமையலாம். இட்ட சேர்மத்துடன் கண்ணுக்குத் தெரியாமல் கலந்துள்ள மாசு அவ்வேலையைச் செய்யலாம். பொருளின் மேற்பரப்பில் காற்றிலிருந்தோ பாத்திரத்திலிருந்தோ வந்து ஒட்டிய அந்நியப் பொருள் காரணமாகலாம். இம்மூன்றிற்கும் ஒவ்வோர் உதாரணம் கீழே தரப்படுகிறது.

சிதைந்து மாறும் கோபால்ட் சேர்மங்கள்

நீரிலிருந்து ஹைட்ரஜன் பெறுவதற்கு, நீரின் மற்றொரு பகுதியான பிராணவாயுவையும் வெளியேற்ற வேண்டும். ஒரு பிராணவாயு மூலக்கூறு உண்டாவதற்கு இரண்டு நீர் மூலக்கூறுகளிலிருந்து நான்கு எலெக்ட்ரான்களை நீக்க வேண்டியிருக்கிறது. நீரைப் பிரிக்கும் வேலையில் இதுவே மிகக் கடினமான பகுதி. தாவரங்களில் மாங்கனீஸ் அணுக்கள் நான்கும் கால்சியம் அணு ஒன்றும் அடங்கிய ஒரு சிறு தொகுதி இதைச் செய்கிறது. ருத்தேனியம், இரிடியம் என்னும் உலோகங்களின் சேர்மங்களும் இதைச் செய்யவல்லவை. ஆனால் அவை விலையுயர்ந்தவை. ஆகவே அவற்றைவிட மலிவான கோபால்ட்டின் மீது ஆராய்ச்சியாளர்களின் கவனம் சென்றது.

2008-இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த கானன், நோசெரா ஆகிய இருவரும், சாதாரணக் கோபால்ட் உப்பையும் பாஸ்பேட் உப்பையும் நீரில் கரைத்து மின்சாரம் செலுத்தினர். மின்முனையின் மீது கோபால்ட் அடங்கிய மென்படலம் ஒன்று தானாகவே படிந்து, பிராணவாயுவை வெளியிடத் தொடங்கியது. கரைசலில் தனித்த கோபால்ட் அயனிகள் இருந்தாலே போதும், நல்ல வினையூக்கி ஒன்று தானே உருவாகிவிடும் என்பது இதனால் தெரிய வந்தது. இச்செய்தி மகிழ்ச்சிக்குரியதாயினும், கோபால்ட் சேர்மங்களை ஆராய்ந்த மற்றவர்களுக்கு ஓர் எச்சரிக்கையாகவும் அமைந்தது.

2010-இல் எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹில் என்பவரின் குழுவினர், நான்கு கோபால்ட் அணுக்களை டங்ஸ்டன், பாஸ்பரஸ், பிராணவாயு ஆகியவற்றாலான கூடு போன்ற அமைப்பு சூழ்ந்திருக்கும் ஒரு சேர்மத்தை விவரித்தனர். நீரிலிருந்து பிராணவாயுவை விரைவாக வெளியேற்றும் வினையூக்கி இது என்பது அவர்கள் முடிவு. கரிமப் பகுதி எதுவும் இல்லாமையால், பிராணவாயு உண்டாகும் கடுமையான சூழ்நிலையில் இது எரிந்து கெடாது என்ற நம்பிக்கையும் இருந்தது. 2011-இல் ஒளியைக் கொண்டும் இவ்வினை நடத்திக் காட்டப்பட்டது.

அதே 2011-இல் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஸ்ட்ராக்கே, ஃபிங்கே ஆகிய இருவரும் இச்சேர்மத்தை மின்முனையைக் கொண்டு சோதித்தனர். சேர்மத்திலிருந்து சிறிதளவு கோபால்ட் கரைசலில் கசிவதையும், அது மின்முனையின் மீது கோபால்ட் ஆக்ஸைடு படலமாகப் படிவதையும் அவர்கள் கண்டனர். கசிந்த அளவு சிறிதேயாயினும், காணப்பட்ட வினை முழுவதற்கும் அப்படலமே போதுமானதாக இருந்தது. அவர்கள் கையாண்ட சூழ்நிலையில் உண்மையான வினையூக்கி கோபால்ட் ஆக்ஸைடே என்பது அவர்கள் பெற்ற முடிவு.

இதற்கு ஹில் குழுவினர் 2013-இல் அளித்த விடை, சோதனை எவ்வாறு அமைய வேண்டும் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். மூலச் சேர்மம் எதிர் மின்னேற்றம் கொண்டது. கசிந்த கோபால்ட் அயனிகள் நேர் மின்னேற்றம் கொண்டவை. டொலுயீன் என்னும் திரவத்தில் தக்கதோர் அம்மோனிய உப்பைக் கரைத்து, அதை நீர்க் கரைசலுடன் சேர்த்துக் குலுக்கினால், மூலச் சேர்மம் மட்டும் டொலுயீன் பகுதிக்குச் சென்றுவிடும். கசிந்த கோபால்ட் நீரிலேயே தங்கும். இவ்வாறு பிரித்த பிறகு, எஞ்சிய நீர்ப் பகுதியின் செயல் திறனை அளந்தார்கள். கசிந்த கோபால்ட்டினால் விளைந்த வினை சிறு பகுதியே என்பதும், தாங்கள் கையாண்ட சூழ்நிலையில் மூலச் சேர்மமே பெரும்பாலான வேலையைச் செய்கிறது என்பதும் அவர்களுக்குத் தெளிவாயின.

இரு குழுவினரும் வெவ்வேறு சூழ்நிலைகளில் ஆராய்ந்தனர் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். சேர்மத்தின் செறிவு, சோதனை நடந்த நேரம், ஆக்ஸிஜனேற்றம் செய்த விதம் ஆகியவை வேறுபட்டன. இச்சேர்மம் எங்கும் எப்போதும் உண்மையான வினையூக்கியே என்றோ, ஒருபோதும் அன்று என்றோ ஒரே சொல்லில் கூறுவதற்கில்லை. இன்ன சூழ்நிலையில் இன்னது வேலை செய்கிறது என்று கூறுவதே சரியான விடை.

கரிமப் பகுதிகள் சூழ்ந்த கோபால்ட் சேர்மங்களில் விடை இன்னும் தெளிவாகக் கிடைத்தது. ஜப்பானிலும் தென்கொரியாவிலும் பணியாற்றிய ஃபுகுஸுமி, நாம் ஆகியோரின் குழுவினர் 2012-இல் இதைப் பற்றிய ஆராய்ச்சியை வெளியிட்டனர். நீல ஒளியை விழுங்கும் ருத்தேனியம் சேர்மத்தையும், எலெக்ட்ரானைப் பறிக்கும் பெர்சல்பேட் உப்பையும், கோபால்ட் சேர்மத்தையும் நீரில் கரைத்து ஒளியைப் பாய்ச்சினர். பிராணவாயு வெளிவந்தது. ஆனால் ஒளிச் சிதறலைக் கொண்டு கரைசலைச் சோதித்தபோது, முதலில் இல்லாத நுண்துகள்கள் அதில் தோன்றியிருந்தன. கரிமப் பகுதிகள் ஆக்ஸிஜனேற்றத்தால் அழிந்து, கோபால்ட் ஹைட்ராக்ஸைடு துகள்களே எஞ்சி வேலை செய்தன. குடுவையில் இட்ட சேர்மங்கள் வினையூக்கியின் முன்னோடிகளே என்று அவர்களே அறிவித்தனர்.

இதன் பயன் வெளிப்படையானது. கரிமப் பகுதியை மேலும் திருத்தி அமைத்துத் திறனைப் பெருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர் ஒருவர் பல ஆண்டுகள் முயலக்கூடும். ஒளி பட்ட சில நிமிடங்களில் அப்பகுதி அழிந்துவிடுமானால், அவருடைய உழைப்பு முழுவதும் இல்லாத பொருளுக்கு மெருகு பூசுவதாகவே முடியும்.

மறைந்திருந்த பல்லேடியம்

இரண்டாவது உதாரணம் மாசு பற்றியது. ஒளியை விழுங்கும் கரிமப் பாலிமர்கள் சிலவற்றை நீரில் கலந்து, எலெக்ட்ரான் அளிக்கும் பொருளையும் சேர்த்து ஒளியைப் பாய்ச்சினால் ஹைட்ரஜன் வெளிப்படுகிறது. பிளாட்டினம் போன்ற உலோகத்தைச் சேர்க்காமலே இது நிகழ்வதாகப் பல ஆய்வுகளில் காணப்பட்டமையால், பாலிமரே தனித்து வினையூக்கியாகிறது என்ற கருத்துத் தோன்றியது.

ஆனால் இப்பாலிமர்களில் பலவற்றைத் தயாரிப்பதற்கே பல்லேடியம் என்னும் உலோகம் தேவைப்படுகிறது. கரி அணுக்களை ஒன்றோடொன்று இணைக்கும் இப்பல்லேடிய முறைகளுக்காக ஹெக், நெகிஷி, சுஸுகி ஆகிய மூவருக்கும் 2010-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. தயாரிப்பு முடிந்து பாலிமரைக் கழுவிய பின்னரும், பல்லேடியத்தின் நுண்துகள்கள் அதனுள் சிறிது தங்கிவிடுகின்றன. பல்லேடியமோ ஹைட்ரஜனை வெளியிடுவதில் சிறந்த வினையூக்கி.

2018-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், ஃபுளோரீன் வகைப் பகுதிகளையும் பென்ஸோதயடயஸோல் பகுதிகளையும் கொண்ட ஒரு பாலிமர் எடுத்துக்கொள்ளப்பட்டு, அதிலுள்ள பல்லேடியத்தின் அளவைப் படிப்படியாக மாற்றிச் சோதனை செய்யப்பட்டது. பல்லேடியம் இல்லாவிடில் அப்பாலிமரிலிருந்து ஹைட்ரஜன் வெளிப்படுவதில்லை என்று தெரிந்தது. பத்து லட்சம் பங்கில் 40 பங்குக்கும் குறைவான பல்லேடியமே வினையின் வேகத்தைக் கணிசமாகப் பாதித்தது. பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அளவிலிருந்து ஏறத்தாழ 100 பங்கு வரை, பல்லேடியம் பெருகப் பெருக வேகமும் அதே விகிதத்தில் பெருகியது. அதற்கு மேல் வேகத்தின் உயர்வு தளர்ந்தது.

பாலிமர் ஒளியை விழுங்குகிறது என்பதில் ஐயமில்லை. ஹைட்ரஜனை வெளியேற்றும் கடைசிப் படியை நடத்துவது பல்லேடியம். இரண்டு பாலிமர்களின் திறனை ஒப்பிடுபவர், அவற்றில் எஞ்சியுள்ள பல்லேடியத்தை அளக்காமல் விட்டால், கழுவிய விதத்தில் உள்ள வேற்றுமையைப் பாலிமரின் அமைப்பில் உள்ள வேற்றுமையாகத் தவறாகக் கருதிவிடுவார். கழுவாத பாத்திரத்தில் உறைந்த பாலின் கதை இங்கே மீண்டும் நிகழ்கிறது.

அலகாபாத்தில் எழுந்த கேள்வி

மூன்றாவது உதாரணத்தின் தொடக்கம் இந்தியாவில் உள்ளது. அலகாபாத் பல்கலைக்கழகத்தின் இரசாயனப் பேராசிரியர் நீல் ரத்தன் தர், 1930-களிலிருந்து மண்ணில் நைட்ரஜன் நிலைபெறுதலைப் பற்றி ஆராய்ந்தார். சாணம், கரும்பாலைக் கழிவுப்பாகு முதலிய கரிமப் பொருள்களை மண்ணுடன் கலந்து வெயிலில் வைத்தால், இருளில் வைத்த மண்ணைவிட அதிக நைட்ரஜன் சேர்வதாக அவர் தெரிவித்தார். நுண்ணுயிர்கள் மட்டுமன்றிச் சூரிய ஒளியும் இதில் நேரடியாகப் பங்கு கொள்கிறது என்பது அவர் கருத்து. மண்ணில் நைட்ரஜனை நிலைபெறச் செய்பவை நுண்ணுயிர்களே என்ற பொதுக் கொள்கைக்கு இது மாறுபட்டதாகையால், எளிதில் ஏற்கப்படவில்லை.

1977-இல் கலிபோர்னியாவில் ஷ்ராஸரும் குத் என்பவரும், சிறிதளவு இரும்பு கலந்த டைட்டானியம் டையாக்ஸைடின் மீது புற ஊதா ஒளி படும்போது நைட்ரஜனும் நீரும் சேர்ந்து அம்மோனியா உண்டாவதாக அறிவித்தனர். 1983-இல் ஷ்ராஸர் குழுவினர் பாலைவன மணலைக் கொண்டும் சோதித்தனர். அப்போது நுண்ணுயிர்கள் இல்லாதவாறு தூய்மை செய்த சூழ்நிலையில் சோதனை நடத்தப்பட்டது. நுண்ணுயிர் என்ற ஒரு காரணத்தை விலக்கிவிட்டுப் பார்ப்பதே இதன் நோக்கம்.

எனினும் ஒரு புதிர் எஞ்சியது. நைட்ரஜன் மூலக்கூறில் இரு அணுக்களும் மும்மடிப் பிணைப்பால் உறுதியாக இணைந்துள்ளன. தொழிற்சாலைகளில் அதைப் பிரிக்க 400 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்ட வெப்பமும் காற்றழுத்தத்தைப் போல நூறு மடங்குக்கு மேற்பட்ட அழுத்தமும் வேண்டியிருக்கிறது. சாதாரண வெப்பநிலையில், டைட்டானியம் டையாக்ஸைடின் மேற்பரப்பில் எந்த இடம் நைட்ரஜனைப் பற்றிக்கொள்கிறது என்பது விளங்கவில்லை.

ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த கோமர், மெட்ஃபோர்டு முதலியோர் 2018-இல் இதற்கு எதிர்பாராத விடை ஒன்றைத் தெரிவித்தனர். நைட்ரஜன் வாயு சூழ்ந்திருக்கும்போதே மேற்பரப்பை எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்ததில், ஒளியின் தூண்டுதலால் நைட்ரஜன் மேற்பரப்புடன் உறவு கொள்வது, அங்கே தற்செயலாக ஒட்டியிருந்த கரி இருந்தபோது மட்டுமே காணப்பட்டது. மேற்பரப்பில் இடம் பெற்ற கரி அணு நைட்ரஜனை மிக வலுவாகப் பற்றுகிறது என்பதைக் கணக்கீடுகளும் காட்டின. வழக்கமாக அழுக்கு என்று ஒதுக்கப்படும் கரியே செயல்படும் இடமாக இருக்கக்கூடும் என்பது இதன் பொருள்.

தர் தம் மண்ணில் கரிமப் பொருளைச் சேர்த்தார் என்பது இவ்விடத்தில் நினைவுக்கு வரும். ஆயினும், இந்த ஓர் ஆராய்ச்சியால் அவருடைய கூற்று நிரூபணமாகிவிட்டதாகக் கொள்வதற்கில்லை. வயல் மண்ணும் ஆராய்ச்சிச்சாலைப் படிகமும் ஒன்றல்ல. மேலும் இத்துறையில் அம்மோனியாவே ஒரு மாசு. காற்றிலும், மனிதர் விடும் மூச்சிலும், கையுறைகளிலும், சோதனைக்கு வாங்கும் வாயுக்களிலும் அது சிறிதளவு இருக்கக்கூடும். உண்டான அம்மோனியா மிகக் குறைவாயிருக்கும்போது, அது வினையால் பிறந்ததா, வெளியிலிருந்து வந்ததா என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். இதற்காக 15 நிறை எண் கொண்ட நைட்ரஜன் ஐசோடோப்பைப் பயன்படுத்துகின்றனர். இயற்கை நைட்ரஜனில் அது ஏறத்தாழ 0.4 சதவீதமே உள்ளது. அந்த ஐசோடோப்பு அம்மோனியாவில் அதற்கேற்ற அளவில் தோன்றினால்தான், கொடுத்த நைட்ரஜன் அம்மோனியாவாக மாறியது என்று கூற முடியும். அந்த வாயுவையும் முன்னதாகச் சுத்திகரித்திருக்க வேண்டும்.

உண்மையைக் கண்டறியும் முறைகள்

மேற்கூறிய வரலாறுகளிலிருந்து சில பொது முறைகளைத் தொகுத்துக் கூறலாம்.

முதலாவது, ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தல். ஒளி இல்லாமல், வினையூக்கி இல்லாமல், ஒளியை விழுங்கும் பொருள் இல்லாமல், துணைப்பொருள் இல்லாமல் எனத் தனித்தனிச் சோதனைகள் நடத்த வேண்டும். ஒளி பாத்திரத்தைச் சூடாக்கும்; ஆகவே இருட்டில் நடத்தும் சோதனையையும் அதே வெப்பநிலையில் நடத்துவது அவசியம்.

இரண்டாவது, காலப்போக்கைக் கவனித்தல். ஒளி பட்டவுடன் வினை தொடங்காமல், சிறிது நேரம் கழித்துத் தொடங்கிப் பின் வேகம் பெறுமானால், இட்ட பொருள் முதலில் வேறொன்றாக மாறுகிறது என்று ஐயுற இடமுண்டு. ஆனால் தாமதம் காணப்படாமையால் மட்டும் ஐயம் நீங்கிவிடாது. மாற்றம் மிக விரைவில் நிகழ்ந்திருக்கவும் கூடும்.

மூன்றாவது, பிரித்துப் பார்த்தல். வடிகட்டியோ, வேறொரு திரவத்தால் பிரித்தெடுத்தோ, எந்தப் பகுதியில் செயல் திறன் தங்குகிறது என்று அறிய வேண்டும். மிக நுண்ணிய துகள்கள் வடிதாளின் வழியே சென்றுவிடும் என்பதை மறக்கலாகாது.

நான்காவது, நஞ்சிட்டுப் பார்த்தல். பாதரசம் பிளாட்டினம், பல்லேடியம் போன்ற உலோகத் துகள்களைப் பற்றிச் செயலிழக்கச் செய்யும். பாதரசத்தைச் சேர்த்ததும் வினை நின்றால் உலோகத் துகள்களின் மீது ஐயம் எழும். ஆனால் கோபால்ட் ஆக்ஸைடு போன்றவற்றிற்கு இச்சோதனை பொருந்தாது. சில கரைந்த சேர்மங்களும் பாதரசத்துடன் வினைபுரிவதுண்டு.

ஐந்தாவது, வேண்டுமென்றே மாசைச் சேர்த்துப் பார்த்தல். ஐயத்துக்குரிய பொருளை அறிந்த அளவில் தனியே இட்டு, அதே வேகம் கிடைக்கிறதா என்று ஒப்பிட வேண்டும். பல்லேடியத்தின் பங்கை அளவிட்டுக் காட்டியது இத்தகைய முறையே.

ஆறாவது, வினை நடந்துகொண்டிருக்கும்போதே ஒளிச் சிதறல், எக்ஸ் கதிர் முதலிய முறைகளால் ஆராய்தல். வினை முடிந்த பின் குடுவையில் காணப்படும் பொருள் வெறும் எச்சமாகவும் இருக்கலாம். குடுவையில் அதிகமாகக் காணப்படும் பொருளே வேலை செய்தது என்பதும் உறுதியன்று. நூற்றில் ஒரு பங்கு மிகத் திறமையாக வேலை செய்ய, எஞ்சிய தொண்ணூற்றொன்பது பங்கு சும்மா இருக்கக்கூடும்.

இம்முறைகளுள் எந்த ஒன்றும் தனித்து முடிவு கூறப் போதாது. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்ப வேண்டும்.

பள்ளியில் செய்யத்தக்க பரிசோதனை

ஆசிரியர்கள் இக்கருத்தை மாணவர்களுக்கு எளிய முறையில் விளக்கலாம். மெதிலீன் நீலம் என்னும் சாயத்தை, கரைசல் இளநீலமாக இருக்கும் அளவுக்கு நீரில் கரைத்து, ஒரே மாதிரியான ஐந்து கண்ணாடிப் புட்டிகளில் சம அளவாக ஊற்ற வேண்டும். முதல் புட்டியில் சிறிது டைட்டானியம் டையாக்ஸைடு தூளை இட்டு வெயிலில் வைக்க வேண்டும். இரண்டாவதில் தூள் இடாமல் வெயிலில் வைக்க வேண்டும். மூன்றாவதில் தூளை இட்டு, கறுப்புத் துணியால் நன்கு மூடி வைக்க வேண்டும். நான்காவதில் தூள் இடாமல் அவ்வாறே மூடி வைக்க வேண்டும். ஐந்தாவதில் தூளை இட்டு, சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றி வெயிலில் வைக்க வேண்டும். மூடிய புட்டிகள் அதிகமாகச் சூடேறாதவாறு, எல்லாவற்றையும் அகன்ற தட்டில் நீர் ஊற்றி அதில் நிறுத்துவது நலம். அவ்வப்போது குலுக்கிவிட்டு, சில மணி நேரம் கழித்துத் தூள் படிந்த பின், அல்லது வடிகட்டிய பின், நிறங்களை ஒப்பிட வேண்டும். தூள் மூச்சில் கலவாதவாறும், சாயம் ஆடையில் படாதவாறும் கவனம் தேவை.

முதல் புட்டியின் நிறம் மட்டும் பார்த்து, தூள் சாயத்தை அழித்தது என்று எழுதும் மாணவனிடம் மற்றப் புட்டிகளைக் காட்ட வேண்டும். இரண்டாவது புட்டியில் நிறம் குறைந்தால், ஒளியே சாயத்தைச் சிறிது சிதைக்கிறது. மூன்றாவதன் நிறம் நான்காவதைவிடக் குறைந்தால், சாயம் தூளின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டது, அது அழியவில்லை. டைட்டானியம் டையாக்ஸைடு ஏறத்தாழ 400 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள ஒளியையே விழுங்கும். சிவப்பு ஒளி அதற்குப் பயன்படாது. ஆகவே ஐந்தாவது புட்டியின் நிறம் மூன்றாவதைவிடக் குறைந்தால், ஒளியை விழுங்கியது தூளன்று, சிவப்பு ஒளியை நன்கு விழுங்கும் சாயமே என்று ஐயுற வேண்டும். கட்புலன் ஒளியில் வேலை செய்யும் வினையூக்கிகளைச் சோதிக்க மெதிலீன் நீலம் ஏற்றதன்று என்று ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 2006-இல் எடுத்துக் காட்டியதற்கு இதுவே காரணம். நிறமிழந்த கரைசலைக் காற்றுடன் நன்கு குலுக்கும்போது நீல நிறம் திரும்பினால், சாயம் நிறமற்ற வேறொரு வடிவத்தில் இருந்ததேயன்றி அழியவில்லை என்பதும் விளங்கும்.

களப்பணியாளர்கள் கவனிக்க வேண்டியவை

சாயக் கழிவு நீரைச் சூரிய ஒளியால் தூய்மை செய்யும் தூள், வயலில் உரம் உண்டாக்கும் தூள் எனப் புதிய பொருள்கள் களப்பணியாளர்களிடம் சோதனைக்கு வருவதுண்டு. அவற்றைக் கண்டவுடன் ஏற்பதும் தகாது. கண்டவுடன் தள்ளுவதும் தகாது. தூள் இல்லாத பாத்தியோ தொட்டியோ பக்கத்தில் வைக்கப்பட்டதா? ஒளி படாத ஒன்று வைக்கப்பட்டதா? நிறம் மறைந்ததுடன் கரிமப் பொருளின் மொத்த அளவும் குறைந்ததா? தூளில் கலந்துள்ள மாசுகள் அளக்கப்பட்டனவா? ஒரு முறை பயன்படுத்திய தூளை மறுபடி இட்டால் அதே பலன் கிடைக்கிறதா? இவ்வைந்து கேள்விகளுக்கும் விடை பெற்ற பின்னரே பரிந்துரை செய்வது முறையாகும்.

உண்மையான வினையூக்கி எது என்று தெரியாத நிலையில் ஒரு முறை ஓர் ஊரில் பலன் தந்து, மற்றோர் ஊரில் பலன் தராமல் போகலாம். முதல் ஊரில் வேலை செய்தது தண்ணீரிலோ, பாத்திரத்திலோ, மூலப்பொருளிலோ இருந்த வேறொன்றாயின், அதை இரண்டாவது ஊருக்கு யாரும் எடுத்துச் சென்றிருக்க மாட்டார்கள். வேலை செய்த பொருள் இன்னது என்று அறிந்துவிட்டால், அதைத் தூய்மையாகவும் மலிவாகவும் தேவையான அளவில் தயாரிக்கவும், எங்கும் ஒரே பலன் பெறவும் வழி பிறக்கும்.